மாடி அறையா, கொள்ளிடக் கரையா? திருச்சியில் எங்கே தங்கலாம்?

"லிஃப்ட் இருக்கா, ஏசி இருக்கா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். "கோயில் பக்கத்துல இருந்தா போதும்" என்பார் பாட்டி. திருச்சிக்குக் கிளம்பும் பல வீடுகளில் இந்த வாக்குவாதம் உண்டு.

இத்தனை காலமும் பதில் சுலபம்: கன்டோன்மென்ட். மத்தியப் பேருந்து நிலையம், ஜங்ஷன், சாப்பாட்டுக் கடைகள் எல்லாமே நடக்கும் தூரம். பல மாடி ஓட்டல்கள் அங்கே வரிசைகட்டியதும் அதனால்தான். மேல்தளத்தில் மலைக்கோட்டை தெரியும் அறை இருக்கிறதா என்று நீங்களே கேட்டுவிடுங்கள்; அவர்களாகச் சொல்வது அபூர்வம்.

2025 ஜூலையில் கணக்கு மாறியது. வெளியூர் பஸ்கள் பஞ்சப்பூர் புதிய முனையத்துக்கு இடம்பெயர்ந்தன. நள்ளிரவில் குழந்தையும் பெட்டியுமாக அங்கே இறங்கினால், வாடகையில் மிச்சம்பிடித்த காசு ஆட்டோவுக்குப் போய்விடும். ரயிலில் வருபவர்களுக்குக் கவலையில்லை.

ஓர் ஆறுதல்: 2025 செப்டம்பர் 22 முதல், நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு ஜி.எஸ்.டி 12 சதவிகிதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. 2,000 ரூபாய் அறைக்கு 140 ரூபாய் மிச்சம். பில்லை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ரங்கநாதரை மட்டும் சேவிக்க வருபவர்களுக்குக் கொள்ளிடக் கரையில் இருக்கும் யாத்ரி நிவாஸ் வசதி. சென்னையிலிருந்து பல்லவனில் வந்தால் ஸ்ரீரங்கத்திலேயே இறங்கலாம். கன்டோன்மென்ட்டில் தங்கினாலும் 1-ம் நம்பர் பஸ் ஏறினால், 236 அடி ராஜகோபுரம் தூரத்திலேயே தென்பட்டுவிடும். ஆனால், வைகுண்ட ஏகாதசிக்கு அந்த பஸ்ஸை நம்ப வேண்டாம். சொர்க்கவாசல் விடியலுக்கு முன்பே திறந்துவிடும். அன்றைக்குப் பாட்டி சொல்வதுதான் சரி.