பழைய லாரி வாங்குமுன்

பெங்களூருவின் பீன்யாவிலும் பொம்மசந்திராவிலும் உருவாகும் உதிரிபாகங்கள் சில மணி நேரம் தாமதித்தாலும், ஓசூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரு தொழிற்சாலையின் உற்பத்தி தடைபடக்கூடும். அவசரச் சரக்கு ஏற்றும் தொழில் விற்பது நேரத்தையே. ஆகவே, பழைய லாரி ஒன்றை வாங்கிச் சொந்தமாகத் தொழில் தொடங்குவோர் விலையை மட்டும் பார்த்தல் போதாது. வழியில் நின்றுவிடும் வண்டி, வாடகையோடு வாடிக்கையாளரையும் இழக்கச் செய்யும்.

முன்பணம் தருமுன் வண்டி எண்ணைக் கொண்டு ‘பரிவாகன்’ இணையதளத்தில் தகுதிச் சான்று, காப்பீடு, அடமானப் பதிவு ஆகியவற்றைச் சரிபாருங்கள். 8 ஆண்டுகள் கடந்த வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும். பழைய கடன் தீர்ந்திருந்தால், அடமானத்தை நீக்கும் 35ஆம் படிவம் வேண்டும். பெயர் மாற்றத்திற்கு 29, 30ஆம் படிவங்கள் தேவை. தமிழ்நாட்டுப் பதிவு வண்டியைக் கர்நாடகத்திற்கு மாற்ற, வண்டி பதிவான தமிழ்நாட்டுப் போக்குவரத்து அலுவலகத்தின் தடையின்மைச் சான்றும் பெற வேண்டும். காப்பீட்டை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பியுங்கள்.

2015இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் சரக்கு வாகனத்திற்கும் கடன் உண்டு. பழைய வண்டிக்கான விதிமுறைகளைக் கிளையில் கேட்டறியுங்கள்.

சேமிப்பு முழுவதையும் முன்பணமாகச் செலுத்திவிடாதீர்கள். வாடகைப் பணம் வாரக்கணக்கில் தாமதமாகலாம். டீசலும் டயரும் மாதத் தவணையும் காத்திருப்பதில்லை. மூன்று மாதத் தவணையும் ஒரு பெரிய பழுதுக்கான தொகையும் கையிருப்பில் இருந்தால், முதல் இடறலிலேயே வண்டியை விற்கும் நிலை வாராது.