பாட்டியின் பாட்டும் மாட்டுக்காரரின் பாட்டும்



கேமரன் மலையில் மாலை நான்கு மணிக்கே பனி இறங்கிவிடும். கொழுந்துக் கூடையை நிறுத்துப் போட்டுவிட்டு, நனைந்த கால்களோடு லயத்துக்குத் திரும்பி அடுப்பைப் பற்ற வைத்த பெண்களை நீங்கள் அறிவீர்கள். உங்களில் பலர் அந்த அடுப்பங்கரையில் வளர்ந்தவர்கள்தாம். அங்கே ஒரு மூலையில் பாட்டி உட்கார்ந்திருப்பார். தொட்டிலை ஆட்டிக்கொண்டே தாலாட்டுப் பாடுவார். துக்க வீடு என்றால் ஒப்பாரி. பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தால் விடுகதை.

"இதெல்லாம் ஒரு இலக்கியமா? எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பாடியதுதானே?" என்று நம் பிள்ளைகள் கேட்கலாம். அவர்களுக்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறது. அது நம் கதையன்று. நம் தோட்டங்களை உண்டாக்கிய வெள்ளைக்காரத் துரைமாருடைய முன்னோரின் கதை.

அவர்களும் கடல் கடந்தவர்களே!

இங்கிலாந்தில் ஆங்கிலேயர் என்றைக்கும் இருந்தவர்கள் அல்லர். ஐந்தாம் நூற்றாண்டில் ரோமாபுரி ஆட்சி அங்கே விலகிய பிறகு, வடகடலுக்கு அப்பாலிருந்து ஆங்கிலர், சாக்சானியர், ஜூட்டர் என்ற கூட்டத்தார் படகேறி வந்து குடியேறினார்கள். ஆங்கிலோ-சாக்சானியர் என்று படித்தவர்கள் சொல்வது இவர்களைத்தான். 1066 இல் நார்மானியர் வந்து நாட்டைப் பிடிக்கும் வரை அவர்கள் காலம்.

அவர்கள் பேசிய பழைய ஆங்கிலம் இன்றைய ஆங்கிலேயருக்கே புரியாது. ஆனாலும் நம் பிள்ளைகள் பள்ளியில் முதலில் படிக்கும் பாதர், மதர், வாட்டர், மில்க் எல்லாம் அந்தப் பழைய பேச்சிலிருந்து வந்தவைதாம். 'லார்ட்' என்ற பெரிய பட்டத்துக்கு முதலில் என்ன பொருள் தெரியுமா? ரொட்டியைக் காப்பவர்! 'லேடி' என்றால் ரொட்டி மாவு பிசைபவர். நாம் முதலாளியைப் 'படியளக்கிறவர்' என்று சொல்லவில்லையா? வயிற்றை வைத்துத்தான் எல்லா ஊரிலும் எசமான் என்ற சொல் பிறந்திருக்கிறது.

அவர்களுடைய மிகப் பெரிய கதைப்பாட்டின் பெயர் பியோவுல்ப். 3,182 அடிகள். மன்னர் ஒருவரின் மாளிகைக்குள் இரவில் புகுந்து ஆட்களைத் தின்னும் அரக்கனை ஒரு வீரன் கொல்கிறான். அரக்கனின் தாயையும் கொல்கிறான். கிழவனானபின் நெருப்பைக் கக்கும் நாகத்தோடு போரிட்டு மாள்கிறான். இதில் ஒரு விந்தை பாருங்கள்: இங்கிலாந்தில் பாடிய இந்தக் கதை நடப்பது இங்கிலாந்தில் இல்லை. அது கடலுக்கு அப்பால், முன்னோர் விட்டு வந்த டென்மார்க், சுவீடன் பக்கத்தில் நடக்கிறது. பகாங்கில் தொட்டிலாட்டும் நம் பாட்டி, காவிரியையும் மதுரையையும் பாடுகிறாரே, அது போலத்தான்.

மாட்டுக்கொட்டகைப் பாவலர்

பெயர் தெரிந்த முதல் ஆங்கிலக் கவிஞர் யார்? மன்னரா, குருவா? இல்லை. மாடு மேய்த்த ஒரு கூலியாள்!

அவர் பெயர் கேட்மன். வடகடல் ஓரத்தில் விட்பி என்ற ஊரில் ஒரு மடம் இருந்தது. அதன் தலைவி ஹில்டா என்ற அம்மையார். அங்கே மாடுகளைப் பார்த்துக்கொண்ட கேட்மனுக்கு வயதாகியும் ஒரு பாட்டுக்கூடத் தெரியாது. விருந்துகளில் யாழ் கைமாறிக் கைமாறி வரும். வாங்கியவர் பாட வேண்டும். யாழ் தம் பக்கம் வருவதைக் கண்டால் கேட்மன் வெட்கப்பட்டு எழுந்து போய்விடுவார்.

ஒரு நாள் அப்படி எழுந்து போய், காவல் முறைக்காக மாட்டுக்கொட்டகையில் படுத்தார். கனவில் ஒருவர் வந்து பெயர் சொல்லி அழைத்து, "பாடு" என்றார். "எனக்குத் தெரியாதே" என்றார் இவர். "உலகம் படைக்கப்பட்டதைப் பாடு" என்றார் வந்தவர். கேட்மன் பாடினார்! விடிந்ததும் தம் மேலாளிடம் சொன்னார். நம் தோட்டத்து மண்டோர் போன்ற அந்த மனிதர் சிரித்து விரட்டிவிடவில்லை. ஹில்டா அம்மையாரிடம் அழைத்துப் போனார். அம்மையார் படித்தவர்களைக் கூட்டிப் பாட்டைக் கேட்கச் செய்தார். படித்தவர்கள் வேதக் கதையைச் சொல்ல, எழுத்தறியாத கேட்மன் பசு அசைபோடுவது போல அதை மனத்தில் அசைபோட்டு, மறுநாள் பாட்டாகத் தருவார். கற்பித்தவர்களே உட்கார்ந்து கேட்டார்கள், எழுதிக்கொண்டார்கள்.

ஹில்டா 680 இல் மறைந்தார். பீட் என்ற துறவி இந்தக் கதையை 731 இல் எழுதி முடித்த வரலாற்று நூலில் சேர்த்தார். இடைவெளி ஐம்பது ஆண்டு. அவர் எழுதாமல் விட்டிருந்தால் கேட்மன் என்ற பெயரையே உலகம் மறந்திருக்கும். அவர் பாடியதாக உறுதியாகச் சொல்லக்கூடியது இன்று ஒன்பதே அடிகள்.

தீயும் கரையானும்

எழுதினாலும் ஆபத்து நீங்குவதில்லை. பியோவுல்ப் கதைக்கு உலகத்தில் இருப்பது ஒரே ஒரு பழைய கையெழுத்துப் படி. 1731 இல் லண்டனில் அது இருந்த வீடு தீப்பற்றியது. ஓரங்கள் கருகினாலும் ஏடு பிழைத்தது. பின்னர் கருகிய ஓரம் ஒவ்வொரு எழுத்தாக உதிரத் தொடங்கியது. தோர்க்கெலின் என்ற ஐஸ்லாந்துக்காரர் 1787 வாக்கில் அதற்கு இரண்டு படிகள் எடுத்து வைத்தார். பிறகு உதிர்ந்த எழுத்துக்களை அறிஞர்கள் அந்தப் படிகளில்தான் பார்க்கிறார்கள். 1807 இல் கோபன்ஹேகனை ஆங்கிலேயர் குண்டு வீசித் தாக்கியபோது அவருடைய வீடு எரிந்து, பல ஆண்டு உழைப்பு சாம்பலானது. அப்போதும் அவர் விடவில்லை. மீண்டும் தொடங்கி 1815 இல் நூலை அச்சிட்டார்.

எக்சிட்டர் நகரக் கோயிலில் இன்னொரு பழைய நூல் இருக்கிறது. யாரோ அதைக் கத்தி வைத்து அறுக்கும் பலகையாகப் பயன்படுத்திய தழும்பு இன்றும் தெரிகிறது! அதற்குள் கணவனைப் பிரிந்த ஒரு பெண்ணின் புலம்பல் உண்டு. தொண்ணூறுக்கும் மேற்பட்ட விடுகதைகளும் உண்டு. சொற்களைத் தின்றும் அறிவு பெறாத திருடன் யார் என்று ஒன்று கேட்கிறது. விடை, ஏட்டைத் தின்னும் பூச்சி! விடைகளை நூலில் எழுதி வைக்காததால் சிலவற்றுக்கு அறிஞர்கள் இன்றும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

நம் சங்கப் பாடல்களுக்கும் இதே கதிதான் நேர இருந்தது. கரையானிடமிருந்தும் அடுப்பிலிருந்தும் ஏடுகளை மீட்டவர்களில் யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையை அச்சிட்டார். உ. வே. சாமிநாதையர் 1894 இல் புறநானூற்றைத் தந்தார்.

கோலாலம்பூரில் பிறந்த ஒருவர்

ஹெக்டர் சாட்விக் என்பவர் கேம்பிரிட்ஜில் ஆங்கிலோ-சாக்சானியப் பேராசிரியராக இருந்தவர். 1912 இல் அவர் தம் முன்னோரின் வீரப் பாட்டுகளைக் கிரேக்கரின் பாட்டுகளோடு ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். அந்த வழியில் நம் புறநானூற்றுப் பாணரையும் உலக மேடையில் ஏற்றியவர் யார்? 1933 இல் நம் கோலாலம்பூரில் பிறந்த க. கைலாசபதிதான்! யாழ்ப்பாணத்தில் படித்து, இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து, 1968 இல் ஆங்கிலத்தில் நூலை வெளியிட்டார். யாழ் மீட்டிய பாணரும் பொன் கொடுத்த வள்ளலும் நமக்கு மட்டும் உரியவர்கள் அல்லர் என்பதை அதில் காணலாம். சங்கப் பாடல்கள் வாய்மொழியாகவே பிறந்தவை என்றார் அவர். அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் ஹார்ட், அவை வாய்ப்பாட்டின் சாயலில் புலவர் இயற்றியவை என்று மறுத்தார். எழுதி வைத்த பாட்டு இருந்ததால்தானே வாதாடவும் முடிந்தது!

உங்கள் வீட்டில் இருக்கும் ஏடு

என் அப்பாயி மலைக்குப் பிள்ளையாக வந்தவர். நிரையில் நின்று பாடியவர். அவர் ஒப்பாரி கேட்டு லயமே அழும். அவர் போனபின் எனக்கு நினைவில் இருப்பது இரண்டே அடி. மற்றதை யாரும் கேட்டு வைக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தக் குறை என்னோடு போகட்டும், உங்களுக்கு வேண்டாம்.

1929 இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது. ஏறக்குறைய நூறாண்டு ஆகிறது. நம் குடும்பங்கள் பல ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டன. கொழுந்துக் காட்டில் இன்று பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்களைத்தான் காண்கிறோம். பாட்டு மட்டும் மூத்தவர்கள் நெஞ்சில் தங்கியிருக்கிறது. அதற்கு மறுபடி கிடையாது.

ஆகவே, இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். கைத்தொலைபேசியில் பதிவும் செய்யுங்கள். பாட்டி சொன்ன சொல்லைத் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள். பாடியவர் பெயர், எந்தத் தோட்டம், யாரிடம் கற்றார், எப்போது பாடுவார் என்பதையும் எழுதுங்கள். விடுகதைக்கு விடையையும் மறக்காமல் எழுதுங்கள்! ஒரு படி வீட்டில் இருக்கட்டும். இன்னொரு படி வேறு வீட்டில் இருக்கட்டும்.

"எனக்கு என்ன தெரியும், போ!" என்று பாட்டி கூச்சப்படுவார். கேட்மனும் அப்படித்தான் சொன்னார். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, "பாடுங்கள் பாட்டி" என்று இன்னொரு முறை கேளுங்கள்.