விமானம் ஏறுமுன் வைத்தியர் முடிக்க வேண்டிய கடதாசி வேலை

புத்தளம், கற்பிட்டி, சிலாபம் பக்கத்து இளம் வைத்தியர்கள் பிரித்தானியா போகவென்று பிளாப் பரீட்சைக்கு இராப்பகலாகப் படிக்கிறார்கள். முதற்பகுதியைக் கொழும்பிலேயே எழுதலாம். இரண்டாம் பகுதி மன்செஸ்டரில் மட்டும். இரண்டிலும் சித்தியடைந்த பிறகுதான் பலருக்குக் கடதாசி ஞாபகம் வருகிறது. பெயரில் ஓர் எழுத்து மாறியதால் பதிவு இழுபடுவதை அடிக்கடி பார்க்கிறேன்.

அங்குள்ள பொது மருத்துவ சபை, உங்கள் பட்டத்தை நீங்கள் படித்த பல்கலைக்கழகத்திடமே கேட்டு உறுதிசெய்துகொள்ளும். எபிக் என்ற இணையவழிச் சேவை அதற்கானது. கடவுச்சீட்டில் ஒரு பெயர், பட்டச் சான்றிதழில் இன்னொன்று, இலங்கை மருத்துவ சபைப் பதிவேட்டில் வேறொன்று என்றிருந்தால் அங்கேயே நின்றுவிடும். முஹம்மதுவை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனையும் எங்கள் கரையில் உண்டு. 1990 ஒக்டோபரில் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கு வந்த குடும்பங்களில் தகப்பனின் பதிவு மன்னாரில், பிள்ளையின் பதிவு புத்தளத்தில். பதிந்தவர் தன் காதில் விழுந்ததை எழுதினார். அலைவது பிள்ளை.

ஆகவே பரீட்சைக்குப் பணம் கட்டுமுன் எல்லாச் சான்றிதழ்களையும் மேசையில் பரப்பி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பிறப்புப் பதிவில் பிழையென்றால் பிரதேச செயலகத்தின் மேலதிக மாவட்டப் பதிவாளர் பிரிவில் தொடங்குங்கள். அதன் பின் கடவுச்சீட்டு, அதன் பின் இலங்கை மருத்துவ சபைப் பதிவு. சமாதான நீதவானிடம் வாங்கிய சத்தியக்கடதாசி நம் ஊர் அலுவலகத்தில் கைகொடுக்கலாம்; அங்கும் அதுவே போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இன்னொன்று. 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி, பதியவில்லை என்பதற்காக நிக்காஹ் செல்லாமற் போவதில்லை. அதை நம்பிப் பதியாமல் விட்டவர்கள் விசா விண்ணப்பத்தில் எதைக் காட்டுவார்கள்? இன்றே பதியுங்கள். தமிழில், சிங்களத்தில் உள்ள ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். அதில் மொழிபெயர்ப்பாளரின் பெயர், கையொப்பம், திகதி, தொடர்பு விபரம், மூலத்துக்குச் சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதிவரி எல்லாம் இருக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் வீண் தாமதம்.

பொது மருத்துவ சபை கேட்கும் நன்னிலைச் சான்றிதழைக் கொழும்பு 10, நொரிஸ் கெனல் வீதியிலுள்ள இலங்கை மருத்துவ சபையில் பெற வேண்டும். அதற்கு ஆயுள் மூன்று மாதம்தான். முந்திக்கொண்டு எடுத்து வைத்தவர் திரும்பவும் போய் வரிசையில் நிற்கிறார்.

அரச சேவையில் இருப்பவர் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடாதீர்கள். பதவியைக் கைவிட்டவர் என்ற கடிதம் வீட்டுக்கு வரும். திரும்பி வர நினைக்கும் நாளில் அது வழிமறிக்கும். சம்பளமற்ற லீவு விண்ணப்பம் உங்கள் வைத்தியசாலைத் தலைவர் ஊடாக சுகாதார அமைச்சுக்குப் போக வேண்டும். மாகாண வைத்தியசாலை என்றால் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் மேசையும் இடையில் வரும். எந்த மேசையில் கோப்பு உறங்கும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். திகதி முத்திரை குத்திய பிரதி இல்லாமல் எந்த மேசையிலும் எதையும் கொடுக்காதீர்கள். 'கோப்பைக் காணோம்' என்ற பதிலுக்கு அந்தப் பிரதி மட்டுமே மறுபதில்.

இனி, பணம். வேலை தேடித் தருவதற்கு யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். வேலை தேடுபவரிடம் அதற்குக் கட்டணம் வாங்குவதை பிரித்தானியாவின் 1973ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு முகவர் சட்டமே தடுக்கிறது. விசா அனுசரணைச் சான்றிதழின் செலவும் வேலை கொடுப்பவருடையது. இங்கே யாராவது இலட்சக்கணக்கில் கேட்டால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்து அவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று கேளுங்கள். படித்தவர்களே வட்ஸ்அப்பில் வந்த நியமனக் கடிதத்தை நம்பித் தென்னங்காணியை ஈடு வைக்கிறார்கள்! மீண்டும் சொல்கிறேன்: வேலைக்குப் பணம் கொடுக்காதீர்கள். பிளாப் சித்தியும் வேலைக்கு உத்தரவாதம் அல்ல. ஒரே இடத்துக்கு நூற்றுக்கணக்கானோர் விண்ணப்பிக்கிறார்கள். 2025 ஜூலையில் வந்த இங்கிலாந்தின் பத்தாண்டுச் சுகாதாரத் திட்டம், பயிற்சி இடங்களில் தம் நாட்டுப் பட்டதாரிகளுக்கு முன்னுரிமை என்று எழுதிவிட்டது. கையில் வேலை இல்லாமல் இங்குள்ள பதவியை விடாதீர்கள்.

போய்ச் சேர்ந்தபின் பெரிய ஆபத்து வாய்மூடி இருப்பது. சேர் சொன்னால் சரி என்று வளர்ந்தவர்கள் நாம். அங்கே தெரியாததைக் கேட்காமல் இரவில் தனியே சமாளிப்பதைத்தான் குற்றமாகப் பார்ப்பார்கள். வார்டில் தனியே விடுமுன் சிலநாள் உடனிருந்து பழக அனுமதி கேளுங்கள், எழுத்தில். பொது மருத்துவ சபை புதியவர்களுக்கு நடத்தும் இலவசப் பயிலரங்குக்கும் போங்கள். முழங்கைக்குக் கீழ் கை திறந்திருக்க வேண்டும் என்ற விதியைக் கேட்டுத் திகைக்கும் முஸ்லிம் பெண் வைத்தியர்கள், ஒருமுறை பயன்படுத்தி வீசும் கைமறைப்பைத் தாருங்கள் என்று கேட்கலாம். இங்கிலாந்தின் சுகாதாரத் துறை 2010இலேயே அதற்கு இடம் கொடுத்துவிட்டது.

நோயாளி நட்டஈடு கேட்டால் தேசிய சுகாதார சேவையின் காப்பு உங்களைத் தாங்கும். பொது மருத்துவ சபை உங்களையே விசாரித்தால் தாங்காது. அதற்கு மருத்துவப் பாதுகாப்பு அமைப்பொன்றில் தனியாகச் சேர வேண்டும். ஒப்பந்தத்தையும் வேலைநேர அட்டவணையையும் பார்த்துச் சொல்ல பிரித்தானிய மருத்துவச் சங்கம் இருக்கிறது. இரண்டிலும் முதல் சம்பளத்திலேயே சேருங்கள். ஒப்பந்தத்தில் இடையில் விலகினால் பணம் திருப்பித் தர வேண்டும் என்ற வரி இருந்தால், கையெழுத்திடுமுன் சங்கத்திடம் காட்டுங்கள். வேலை போனால் வேறு அனுசரணையாளரைத் தேடப் பொதுவாக 60 நாள்தான் தருவார்கள். உள்துறை அமைச்சின் கடிதம் பழைய முகவரிக்குப் போகாதபடி, வீடு மாறும் ஒவ்வொரு முறையும் அவர்களுக்கு அறிவியுங்கள்.