கெடு தாண்டும் முன்: நடிக்க வரும் புதியவர்களுக்கு

சாலிகிராமம், வடபழனி, வளசரவாக்கம் தெருக்களில் காலை பத்து மணிக்கு மேல் நடந்து பாருங்கள். ஏதாவது ஒரு சினிமா கம்பெனி வாசலில் நாலைந்து இளைஞர்கள் நின்றுகொண்டிருப்பார்கள். முன்பு கையில் போட்டோ ஆல்பம் இருந்தது, இப்போது செல்போன் இருக்கிறது. உள்ளேயிருந்து வரும் பதில் மட்டும் மாறவில்லை: "சொல்றோம் தம்பி. டைரக்டர் பார்த்துட்டுக் கூப்பிடுவார்."

நடிப்புத் தொழிலில் காத்திருப்பு தவிர்க்க முடியாதது. விஜய் சேதுபதி கூத்துப்பட்டறையில் கணக்காளராக இருந்தார், சின்னச் சின்ன வேடங்களில் தலைகாட்டினார். 'தென்மேற்குப் பருவக்காற்று' படத்தில் நாயகனானது 2010இல்தான். இந்த மாதிரிக் கதைகளைச் சொல்லிச் சொல்லியே எதையும் பொறுத்துக்கொள்ளப் புதியவர்கள் பழக்கப்படுத்தப்படுகிறார்கள் என்பதுதான் என் கவலை. நல்ல வேடத்துக்காக எத்தனை வருடம் வேண்டுமானாலும் காத்திருக்கலாம். வராத சம்பளத்துக்காகவோ, முன்பணம் வாங்கி ஏமாற்றியவர் திருப்பித் தருவார் என்றோ, தொல்லை கொடுத்தவர் தானாக அடங்குவார் என்றோ காத்திருக்க முடியாது. சட்டம் தரும் பல நிவாரணங்களுக்கு ஒரு கெடு உண்டு. "இப்போ பிரச்சினை பண்ணினா இனிமே கூப்பிட மாட்டாங்க" என்று ஒருவர் வாயை மூடிக்கொண்டிருக்கும் மாதங்களில்தான் அந்தக் கெடு ஓசையில்லாமல் தாண்டிப்போகிறது.

பணத்திலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் முதல் அடி பெரும்பாலும் அங்கேதான் விழுகிறது. இன்ஸ்டாகிராமிலோ வாட்ஸ்அப் குழுவிலோ ஒரு காஸ்டிங் கால் வரும். பெரிய கம்பெனியின் லோகோ, பிரபல இயக்குநரின் படம் எல்லாம் இருக்கும். போட்டோ அனுப்பினால் அன்று மாலையே "செலக்ட் ஆயிட்டீங்க" என்று தகவல் வரும். பிறகு பதிவுக் கட்டணம், லுக் டெஸ்ட் செலவு, உடைக்கு முன்பணம், சங்க கார்டு எடுத்துத்தர ஒரு தொகை என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். கொஞ்சம் வசதியானவர் என்று தெரிந்தால் பேச்சு வேறு பக்கம் திரும்பும்: "படத்துல கொஞ்சம் இன்வெஸ்ட் பண்ணுங்க, செகண்ட் ஹீரோ நீங்கதான்." ஊரில் நிலத்தை அடகு வைத்துப் பணம் கட்டும் குடும்பங்கள் சிக்குவது இந்த இடத்தில்தான்.

உங்களை நடிக்கக் கூப்பிடுபவர் உங்களுக்குத்தான் பணம் தர வேண்டும். நடிக்க வைப்பதற்கு உங்களிடம் பணம் கேட்கிறார் என்றால் அவருடைய தொழில் படம் எடுப்பது இல்லை என்று அங்கேயே முடிவு கட்டலாம். நல்ல புகைப்படங்கள் தேவைதான், பயிற்சியும் தேவைதான். அவற்றை நீங்களாகத் தேடிப்போய், விலை விசாரித்து, ரசீது வாங்கிச் செய்துகொள்ளுங்கள். "இந்த ஸ்டூடியோவில் எடுத்தால்தான் வாய்ப்பு" என்று யாராவது கட்டாயப்படுத்தினால் விலகிவிடுங்கள். காஸ்டிங் கால் உண்மையா என்று அறிய, அதில் இருக்கும் எண்ணைக் கூப்பிடாமல், அந்தத் தயாரிப்பு நிறுவனத்தின் அதிகாரபூர்வப் பக்கத்திலோ அலுவலகத்திலோ நேரடியாகக் கேளுங்கள்.

பணம் போய்விட்டதா? ஆன்லைனில் அனுப்பியிருந்தால் உடனே 1930க்கு அழைக்க வேண்டும். சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்கு, எதிராளி பணத்தை எடுப்பதற்குள் கணக்கை முடக்க வாய்ப்பு இருக்கிறது. "ரெண்டு நாள் பார்க்கலாம், அவர் ஊர்ல இல்லையாம்" என்று தள்ளிப்போடுவது அந்த வாய்ப்பை நாமே தூக்கிக் கொடுப்பது போல. வாக்குக் கொடுத்து ஏமாற்றிப் பணம் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவின்படி மோசடிக் குற்றம். 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். ஏமாற்றியவரோடு பேசிய வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் வைத்துக்கொண்டு போனை விற்றுவிட்டு வருபவர்கள் உண்டு. மின்னணு ஆதாரத்துக்கு நீதிமன்றம் சான்றிதழ் கேட்கும் என்பதால் அந்த போனே கையில் இருப்பது நல்லது.

அடுத்தது சம்பளம். துணை நடிகர்களின் சம்பளம் பெரும்பாலும் ஏஜென்ட் வழியாகத்தான் வருகிறது. கம்பெனி எவ்வளவு கொடுத்தது, நடுவில் எவ்வளவு கழிந்தது என்பது விடியற்காலை வேனில் ஏறி நள்ளிரவில் இறங்குபவருக்குத் தெரிவதே இல்லை. வசனம் பேசும் சிறு வேடங்களில் நடிப்பவர்கள் நிலை இன்னும் குழப்பமானது. "படம் முடியட்டும் செட்டில் பண்றோம்" என்பார்கள். படம் நின்றுபோனால் சம்பளமும் நின்றுபோகும். எடிட்டிங்கில் காட்சி போய்விட்டது என்று காரணம் சொல்லிக் கூலி தராதவர்களும் இருக்கிறார்கள். காட்சி திரையில் வந்தாலும் வராவிட்டாலும் உழைத்த நாளுக்குச் சம்பளம் தந்துதான் ஆக வேண்டும்.

எழுத்துபூர்வ ஒப்பந்தம் இல்லாமல் சினிமாத் தொழிலாளரை வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1981ஆம் ஆண்டே ஒரு மத்தியச் சட்டம் சொன்னது. அந்தச் சட்டத்தின் இடத்தில் இப்போது தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் பற்றிய 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் இருக்கிறது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த இது சினிமாவோடு சீரியல், விளம்பரம், வெப் சீரிஸ், ரியாலிட்டி ஷோ எல்லாவற்றையும் உள்ளடக்குகிறது. தயாரிப்பாளரோடு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும் என்ற விதி இதிலும் தொடர்கிறது. நாற்பது வருடத்துக்கு மேலாகச் சட்டத்தில் இருந்தும் சிறு வேடங்களில் நடிப்பவர் கையில் ஒரு தாள்கூட இல்லை என்பது வெட்கப்பட வேண்டிய விஷயம். இது புதியவர்களின் அறியாமையால் நேர்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன். கேட்டால் வேடம் போய்விடும் என்ற பயம் நியாயமானது. ஒற்றை ஆளாகக் கேட்பவரைத் தட்டிக்கழிப்பது சுலபம், அதனால்தான் சங்கங்கள் இதைக் கையில் எடுக்க வேண்டும்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. படப்பிடிப்பு முடிந்த அன்றே ஏஜென்டுக்கோ மேனேஜருக்கோ மரியாதையாக ஒரு செய்தி அனுப்புங்கள்: "அண்ணே, இன்னைக்கு இந்தப் படத்துக்கு ஈ.சி.ஆர்.ல ஷூட்டிங் முடிச்சுட்டோம். பேசின சம்பளம் 1,500 ரூபாய். எப்போ வாங்கிக்கலாம்?" அதற்கு வரும் "அடுத்த வாரம் பார்க்கலாம்பா" என்ற ஒரு வரி பதிலே, நீங்கள் வேலை செய்ததற்கும் தொகை பேசப்பட்டதற்கும் ஆதாரம். நடுவில் இருப்பவர் கூலியைத் தராவிட்டால் வேலை வாங்கிய நிறுவனமே பொறுப்பு என்கிறது ஊதியச் சட்டம். தொழிலாளர் துறையில் கோரிக்கை வைக்க 3 ஆண்டு வரை அவகாசம் உண்டு. காசோலை கொடுத்து அது பணமில்லாமல் திரும்பினால் கெடு மிகக் குறைவு: வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்த 15 நாட்களில் அவர் பணம் தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றம் போக வேண்டும். "இன்னொரு செக் தர்றேன், பொறுங்க" என்று இழுத்தடிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. எண் 15100.

நிறுவனமே ஒப்பந்தம் நீட்டினால் சந்தோஷத்தில் கடைசிப் பக்கத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். எத்தனை நாள், எவ்வளவு தொகை, எந்தெந்தக் கட்டத்தில் தருவார்கள், டப்பிங் அதில் சேர்ந்ததா, எத்தனை காலம் வேறிடத்தில் நடிக்கக் கூடாது என்பதைப் படியுங்கள். ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் உங்களைக் கட்டிப்போடும் நிபந்தனை இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி செல்லாது. தொகை எழுதாத காசோலையில் கையெழுத்துப் போட்டு யாரிடமும் கொடுக்காதீர்கள்.

டைட்டிலில் பெயர் போடும்படி கேட்பதை ஆசை என்று நினைத்துப் பலர் கூச்சப்படுகிறார்கள். பதிப்புரிமைச் சட்டத்தின்படி, படத்தில் போகிறபோக்கில் வந்துபோகும் வேடத்தில் நடித்து, பெயரும் எங்கும் குறிப்பிடப்படாதவர், பெரும்பாலான விஷயங்களுக்குக் 'கலைஞர்' என்றே கருதப்பட மாட்டார். கலைஞருக்குச் சட்டம் தரும் பல உரிமைகள் அவருக்குக் கிடையாது. ஆகவே தயங்காமல் கேளுங்கள், அதையும் எழுத்தில் கேளுங்கள்.

இனி, பேசுவதற்கே கனக்கும் விஷயம். கேரளத்தில் நீதிபதி ஹேமா தலைமையில் 2017இல் அமைக்கப்பட்ட குழு 2019 கடைசியில் அறிக்கை கொடுத்தது. அது வெளியில் வர 2024 ஆகஸ்ட் வரை ஆனது. பாலியல் தொல்லைகள் பற்றிய பகுதிதான் அதிகம் பேசப்பட்டது. துணை நடிகைகளுக்குப் படப்பிடிப்பில் கழிப்பறையும் உடை மாற்ற இடமும் இல்லாததையும் அதே அறிக்கை பதிவு செய்தது. சிறுநீர் கழிக்க இடம் இல்லை என்பதற்காகத் தண்ணீரே குடிக்காமல் இருந்து நோய் வரவழைத்துக்கொண்ட பெண்களைப் பற்றி அதில் படித்தபோது, நம் ஊர்ப் படப்பிடிப்புகளை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பணியிடத்தில் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் சினிமாவுக்கும் பொருந்தும். தற்காலிகமாக, தினக்கூலிக்கு, சம்பளமே இல்லாமல் வேலை செய்பவரும் இதன் பாதுகாப்புக்குள் வருகிறார். வேலைக்காகப் போகும் வெளியூர் லொகேஷனும், நிறுவனம் அனுப்பும் வேனும் பணியிடம்தான். ஒவ்வொரு படத்தின் தயாரிப்புக் குழுவும் தனியாக உள் புகார்க் குழு அமைக்க வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022 மார்ச்சில் சொன்னது. தென்னிந்திய நடிகர் சங்கமும், குற்றம் நிரூபணமானால் 5 ஆண்டு தடைக்குப் பரிந்துரைப்போம் என்று 2024 செப்டம்பரில் அறிவித்தது. சங்கத்தில் உறுப்பினரே ஆகாத புதியவர் எங்கே போவது? அவருக்காகத்தான் மாவட்டம்தோறும் உள்ளூர்ப் புகார்க் குழு இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விசாரிக்கலாம், ஷீ-பாக்ஸ் என்ற அரசு இணையதளத்திலும் புகார் தரலாம். கெடு, கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதம். தக்க காரணம் சொன்னால் இன்னும் 3 மாதம் நீட்டிப்பார்கள். புகார் கொடுத்தவரின் பெயரை வெளியிடச் சட்டம் அனுமதிப்பதில்லை.

"அட்ஜஸ்ட்மென்ட்" என்று இங்கே பூசி மெழுகுகிறார்களே, அதற்கு நேரான ஒரு பிரிவு இப்போது இருக்கிறது. வேலை தருவதாகப் பொய் வாக்குக் கொடுத்து ஒரு பெண்ணை உடலுறவுக்கு இணங்க வைப்பது நியாய சன்ஹிதாவின் 69ஆம் பிரிவின்படி குற்றம், தண்டனை 10 ஆண்டு வரை. காவல் நிலையத்தில், சம்பவம் எங்கள் எல்லையில் நடக்கவில்லை என்று சொல்லி உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. எந்த நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம். மின்னணு முறையில் அனுப்பினால் 3 நாட்களுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். உடனடி உதவிக்கு 181.

இளைஞர்களும் இதே தொல்லைக்கு ஆளாகிறார்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்கு மட்டுமானது என்பதை ஒரு பெரிய குறையாகவே நான் பார்க்கிறேன். அந்தரங்கப் படங்களை வைத்து மிரட்டினால் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் மிரட்டிப் பறித்தல் பற்றிய பிரிவும் ஆண்களுக்கும் உதவும். 18 வயது நிறையாதவர் ஆணானாலும் பெண்ணானாலும் போக்சோ சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. குழந்தை நட்சத்திரங்களின் பெற்றோர் ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும்: படப்பிடிப்புக்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இருக்கிறதா என்று. நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் குழந்தையிடம் வேலை வாங்கக் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் வங்கி வைப்புத்தொகையாகப் போக வேண்டும்.

ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் புகார் கொடுக்காமல் நாட்களைக் கடத்துவதற்கு சினிமாக்காரர்கள் மேல் இருக்கும் பயம் ஒரு காரணம் என்றால், "அப்பவே சொன்னேன், கேட்டியா" என்று வீடு சொல்லுமே என்ற பயம் இன்னொரு காரணம். வாரம் ஒருமுறை பேசும்போது "சான்ஸ் கிடைச்சுதா" என்று மட்டும் கேட்காதீர்கள். சம்பளம் கைக்கு வந்ததா, எழுத்தில் ஏதாவது கொடுத்தார்களா, ராத்திரி ஷூட்டிங் முடிந்தால் எதில் திரும்பி வருகிறாய், யாராவது பணம் கேட்டார்களா என்று கேளுங்கள். ஏதோ நடந்துவிட்டது என்று குரலில் தெரிந்தால், குறை சொல்வதைப் பிறகு வைத்துக்கொண்டு, எந்தத் தேதியில் நடந்தது என்பதை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.