கூரைக்குள் ஒரு பேட்டரி

ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்ததும் சென்னையின் பழைய அடுக்ககங்களில் மேஸ்திரிகளுக்கு நிற்க நேரம் இருக்காது. படுக்கையறைக் கூரையில் காரை பெயர்ந்து விழுந்திருக்கும். உள்ளே கம்பி செந்நிறமாகப் பல்லிளிக்கும். ஆள் வருவார். தளர்ந்ததைக் கொத்தி எடுப்பார், வயர் பிரஷ்ஷால் கம்பியைத் தேய்ப்பார், சிமென்ட் பூசுவார், பட்டி பார்த்து பெயின்ட் அடித்துவிட்டுப் போவார். இரண்டு மூன்று மழைக்காலம் கழியும். பூசிய இடம் அப்படியே இருக்கும். அதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் புதிதாகக் காரை விழும். வீட்டுக்காரர் வேறு மேஸ்திரியைத் தேடுவார். அவர் பூசியதும் நிற்கும், பக்கத்து இடம் விழும்.

மேஸ்திரியின் கையில் பெரும்பாலும் பிழை இருப்பதில்லை. ஒட்டுப் போட்ட இடத்தின் ஓரத்தில் அடுத்த சேதம் கிளம்புவதற்கு மின்வேதியியலில் தெளிவான விளக்கம் உண்டு. அதைப் புரிந்துகொள்ள, தளத்துக்குள் கம்பி ஏன் இருக்கிறது, இத்தனை வருடம் ஏன் துருப்பிடிக்காமல் இருந்தது என்று பார்க்க வேண்டும்.

கான்கிரீட் அழுத்தும் பாரத்தை நன்றாகச் சுமக்கும். ஆனால் இழுத்தால் தாங்காது. அழுத்தத்தைத் தாங்கும் பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இழுவையைத் தாங்கும் பலம். அறைக்கு மேலே கிடக்கும் தளம் தன் எடையால் கொஞ்சம் தொய்யப் பார்க்கும்போது அதன் அடிப்பக்கம் இழுபடுகிறது. அதனால்தான் முதன்மைக் கம்பிகளை அடிப்பக்கத்தில், அதாவது நம் தலைக்கு நேர் மேலே, கட்டுகிறார்கள். 1867இல் ஜோசப் மோனியே என்ற பிரெஞ்சுத் தோட்டக்காரர் கம்பி வைத்த பூந்தொட்டிக்குக் காப்புரிமை வாங்கியபோது அவருக்கு வேண்டியிருந்தது உடையாத தொட்டி மட்டுமே. அந்த யோசனைதான் இன்று ஊரெங்கும் கூரையாக நிற்கிறது.

சாதாரணமாக ஈரக்காற்றில் போட்டுவைத்த இரும்பு சில நாளில் துருவேறிவிடும். கான்கிரீட்டுக்குள் அது பல பத்தாண்டுகள் தாக்குப்பிடிப்பதற்குக் காரணம் காரத்தன்மை. சிமென்ட் தண்ணீருடன் வினைபுரியும்போது சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு, வெளிப்படுகிறது. புதிய கான்கிரீட்டின் துளைகளில் உள்ள நீரின் பி.எச். 12.5க்கும் மேல். அவ்வளவு காரத்தில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று படிந்து, மேற்கொண்டு துரு ஏறாமல் பூட்டிவிடுகிறது.

அந்தப் பூட்டை உடைப்பவை இரண்டு. ஒன்று, காற்றில் இருக்கும் கரியமில வாயு. அது கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே மெல்ல உள்ளே போய், சுண்ணாம்புடன் சேர்ந்து கால்சியம் கார்பனேட் ஆகிறது. கான்கிரீட்டின் பலம் இதனால் குறைவதில்லை, ஆனால் பி.எச். 9க்குக் கீழே இறங்கிவிடுகிறது. அந்த அளவில் ஆக்சைடு படலம் நிலைக்காது.

வாயு உள்ளே போகும் ஆழம் காலத்தின் இருமடி மூலத்தைப் பொறுத்து வளர்கிறது. முதல் பத்து ஆண்டில் 10 மி.மீ. போனால், 20 மி.மீ. போக நாற்பது ஆண்டு வேண்டும். இதையே திருப்பிச் சொன்னால் விபரீதம் புரியும்: கம்பிக்குக் கீழே 20 மி.மீ. இருக்க வேண்டிய கான்கிரீட் 10 மி.மீ. ஆகிப்போனால், பாதுகாப்புக் காலம் பாதியாகாது, கால்வாசி ஆகிவிடும். கடுமையில்லாத சூழலுக்கு இந்திய தர நிர்ணயமான ஐ.எஸ். 456 சொல்லும் குறைந்தபட்ச மூடல் 20 மி.மீ.; கடற்காற்று நேராக மோதும் இடத்துக்கு 45 மி.மீ. தளம் போடும் நாளில் கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வைப்பது இதற்காகத்தான். கையில் கிடைத்த ஜல்லியை அண்டை கொடுத்து, அதுவும் ஆட்கள் மேலே நடந்ததில் நழுவிப்போய், கம்பி சென்ட்ரிங் பலகையிலேயே படுத்துவிட்ட வீடுகள் ஏராளம். அந்த வீடுகளில் பலகையைப் பிரித்த அன்றே கூரையில் கம்பியின் நிழல் தெரியும். மேலே அரை அங்குலம் பூச்சுப் பூசி மறைத்துவிடுவார்கள்.

வாயு எதுவரை போயிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடியும். பிளஸ் டூ ஆய்வகத்தில் எல்லோரும் கையாண்ட பினாப்தலீன்தான் கருவி. புதிதாக உடைத்த கான்கிரீட் முகத்தில் அதைத் தெளித்தால், காரம் மிச்சமிருக்கும் பகுதி பளிச்சென்ற இளஞ்சிவப்பாக மாறும். காரம் போன பகுதி நிறம் மாறாமல் சாம்பலாகவே நிற்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள கோட்டை அளவுகோலால் அளக்கலாம். கம்பி சாம்பல் பக்கம் இருந்தால், அதற்குப் பாதுகாப்பு போய்விட்டது என்று பொருள்.

இன்னொரு எதிரி உப்பு. குளோரைடு அயனிகள் பி.எச். குறைவதற்குக் காத்திராமல், நல்ல காரத்திலேயே படலத்தை ஊசி குத்தியதுபோல் ஆங்காங்கே துளைத்துவிடுகின்றன. கடற்காற்றில் வருவது போக, கட்டும்போதே நாம் கலக்கும் உப்பும் உண்டு. கம்பி வைத்த கான்கிரீட்டுக்கான தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்கிறது ஐ.எஸ். 456. கடலோரப் பகுதிகளில் போர்வெல் தண்ணீர் இந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டக்கூடியது. கலவைக்கு லாரித் தண்ணீர் வாங்கிவிட்டு, கியூரிங்குக்குப் போர் தண்ணீரைப் பாய்ச்சும் சிக்கனம் பின்னாளில் காரையாக உதிர்கிறது.

படலம் போனதும் கம்பியின் மேல் பேட்டரி ஒன்று ஓடத் தொடங்குகிறது. இது உவமை இல்லை. ஒரே கம்பியில் ஓரிடம் இரும்பு அயனிகளை இழந்து எதிர்மின்னிகளை அனுப்புகிறது, அது நேர்மின்வாய். சற்றுத் தள்ளி இன்னோரிடம், ஆக்சிஜனும் தண்ணீரும் சேர்ந்து அந்த எதிர்மின்னிகளை ஏற்கின்றன, அது எதிர்மின்வாய். ஈரமான கான்கிரீட் நடுவில் மின்பகுளியாக நின்று சுற்றை முழுமையாக்குகிறது. கரைந்த இரும்பு துருவாகும்போது அதன் கன அளவு இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை பெருகும். கம்பி ஊதுகிறது. இழுவை தாங்காத கான்கிரீட் விரிசல் விட்டு, கடைசியில் துண்டாக விழுகிறது.

இப்போது மேஸ்திரி புதிர் அவிழும். துருப்பிடித்துக்கொண்டிருந்த இடம் தன்னை இழந்து, அக்கம்பக்கத்துக் கம்பியைக் காப்பாற்றிவந்தது. அங்கே காரம் நிறைந்த புதிய சிமென்ட்டைப் பூசியதும் அந்த இடம் எதிர்மின்வாயாக மாறிவிடுகிறது. ஒட்டின் ஓரத்தில், உப்பேறிய பழைய கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி புதிய நேர்மின்வாய் ஆகிறது. பூச்சு எவ்வளவு சுத்தமோ, பக்கத்து இடத்துக்கும் அதற்கும் வேற்றுமை அவ்வளவு அதிகம். உப்பால் வந்த சேதத்தில்தான் இந்தத் தொல்லை முக்கியமாகத் தலைகாட்டும்.

இதற்கான வைத்தியம் கப்பல்களிலிருந்து வந்தது. 1824இல் ஹம்ப்ரி டேவி, பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் செப்புத் தகடு கடல்நீரில் அரிக்காமலிருக்க, துத்தநாகம் அல்லது இரும்புத் துண்டை அதோடு இணைத்தால் போதும் என்று காட்டினார். செம்புக்குப் பதில் அது கரையும். இன்று கட்டடப் பழுதுபார்ப்பில், ஒட்டுப் போடும் குழியின் ஓரமாகக் கம்பியில் சிறிய துத்தநாகக் கட்டிகளைக் கட்டிவிட்டுப் பூசுகிறார்கள்; கம்பிக்காகத் துத்தநாகம் அரிபடுகிறது. அதே 1824இல்தான் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லாண்ட் சிமென்ட்டுக்குக் காப்புரிமை வாங்கினார் என்பது தற்செயல். நோயும் மருந்தும் ஒரே வருடத்துப் பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளலாம்.

கரியமில வாயுவை வில்லனாக்கிவிட்டு நிறுத்துவது நியாயமில்லை. இதே வாயுவை நம்பித்தான் இதே ஊரின் பழைய கூரைகள் நின்றன. மெட்ராஸ் டெரஸ் எனப்படும் அந்தத் தளத்தில் பர்மா தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டில், மூலைவாக்கில் சுண்ணாம்பு வைத்துக் கட்டுவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம். அதைப் பெண்கள் வரிசையாகக் குந்தி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். மேலே தட்டோடு பதிப்பார்கள். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மறுபடி சுண்ணாம்புக் கல்லாகிறது. வாயு உள்ளே போகப் போகத் தளம் உறுதிப்படுகிறது. அரித்துப்போக அந்தச் சுண்ணாம்புக்குள் கம்பியும் கிடையாது. மயிரிழை விரிசல் விட்டால், மழைநீரில் கரைந்த சுண்ணாம்பு விரிசலிலேயே படிந்து அதை ஓரளவு அடைக்கவும் செய்யும்.

ரோமானியக் கான்கிரீட்டின் ஆயுள் ரகசியமும் இதை ஒட்டியதுதான். எம்.ஐ.டி.யின் அட்மிர் மாசிச் குழுவினர் 2023 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வில், அந்தக் கான்கிரீட்டில் தென்படும் வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகள் விரிசலை அடைக்கும் சேமிப்பாகச் செயல்படுகின்றன என்று காட்டினார்கள். அரை மில்லிமீட்டர் விரிசல் இரண்டு வாரத்தில் அடைபட்டது. அதுவரை அந்தக் கட்டிகளைச் சரியாகக் கலக்காததன் அடையாளம் என்றே பலர் நினைத்திருந்தார்கள்.

மெட்ராஸ் டெரஸுக்குத் திரும்பிப் போக இனி யாராலும் முடியாது. அந்தத் தேக்கும் இல்லை, நாள்கணக்கில் தட்டக் கூலி கொடுப்பாரும் இல்லை. கம்பி வைத்த தளத்தைக் காப்பாற்றத்தான் வழி பார்க்க வேண்டும். நம் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் தண்ணீரைத் தடுப்பது. ஈரம் இல்லாவிட்டால், காரம் போன கான்கிரீட்டில்கூடப் பேட்டரி ஓடாது.

தண்ணீர் எங்கே இறங்குகிறது? மே மாதத்தில் தளம் விரியும், மழையில் சட்டென்று சுருங்கும். பத்து மீட்டர் நீளக் கான்கிரீட் 30 டிகிரி மாற்றத்துக்கு 3 மி.மீ. நீளும். அந்த அசைவு முதலில் தெரிவது கைப்பிடிச் சுவரும் தளமும் சந்திக்கும் மூலையில். அந்த மூலையில் பறவை எச்சத்தில் வந்த அரசங்கன்று ஒன்று முளைத்திருந்தால், விரிசல் இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அடுத்தது வாட்டம். வடிகுழாய் வாயை நோக்கிச் சரிவு இல்லாமல் நடுவில் தண்ணீர் தேங்கும் தளத்தில் எந்தப் பூச்சும் நெடுநாள் நிற்காது. வாட்டம் வரவழைக்கப் பழைய தளத்தின் மேலேயே மறுபடி மறுபடி சிமென்ட் பூசுவது வழக்கம். ஆயிரம் சதுர அடியில் ஓர் அங்குலம் சிமென்ட் பூச்சு நாலரை டன்னுக்கு மேல். கீழே மெலிந்துகொண்டிருக்கும் கம்பி அதையும் சேர்த்துச் சுமக்க வேண்டும்.

மெலிவின் கணக்கும் ஏமாற்றக்கூடியது. 8 மி.மீ. கம்பி தேய்ந்து 6 மி.மீ. ஆனால் கால்வாசிதான் போயிற்று என்று தோன்றும். குறுக்குவெட்டுப் பரப்பில் 44 சதவீதம் போயிருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் பட்டி பார்ப்பது தற்கொலைக்குச் சமம். கட்டமைப்புப் பொறியாளரிடம் காட்டி, கீழே முட்டுக் கொடுத்து, கம்பியின் பின்பக்கமும் விரல் நுழையும் அளவுக்குக் கொத்தி, துருவை முழுக்கத் தேய்த்து, புதுக் கம்பியை இணைத்த பிறகே பூச வேண்டும். கம்பியின் முன்பக்கத்தை மட்டும் தேய்த்துப் பூசினால் பின்பக்கத் துரு அதை மறுபடி தள்ளிவிடும்.

வேலைக்கான பருவமும் முக்கியம். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கும். மழையில் ஒழுகும்போது ஆளைத் தேடினால், ஈரத் தளத்தின் மேல்தான் நீர்த்தடுப்புப் பூச்சு அடிக்க நேரும். வெயில் பட்டதும் உள்ளே சிக்கிய நீராவி அதைக் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கிவிடும். கொத்து வேலையையும் வாட்டம் சரிசெய்வதையும் ஆனிக்குள் முடித்துவிட்டால், ஆடியில் சோதனை செய்யலாம். தளத்தின் பலத்தில் ஐயம் இல்லையென்றால் மட்டும், வடிகுழாய் வாயை அடைத்து ஓர் அங்குலத் தண்ணீரை இரண்டு நாள் நிறுத்துவார்கள். ஆயிரம் சதுர அடிக்கு அதுவே இரண்டேகால் டன்னுக்கு மேல். கீழே கூரையில் ஈரம் தெரியும் இடங்களைப் பென்சிலால் வளைத்து, தேதி போட்டு வைப்பது நல்லது. தண்ணீரை வடித்து, பென்சில் கோட்டுக்குள் ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகு பூச்சுக்காரரைக் கூப்பிடலாம்.