கோடு போடாத ஐசி நகல்

ஈப்போவில் லகாட் சாலைப் பக்கம் ஒரு போட்டோஸ்டாட் கடை. சுங்கை சிப்புட் தோட்டத்திலிருந்து வந்திருந்த பாட்டி, சுருக்குப்பையிலிருந்து ஐசியை, அதாவது அடையாள அட்டையை, எடுத்து நீட்டி ஐந்து நகல் கேட்டார். எதற்கு ஐந்து என்றேன்.

"ரெண்டு உதவித்தொகைக்கு. மீதி, யாராச்சும் கேட்டா குடுக்கலாம்ல தம்பி."

அந்த 'யாராச்சும்'தான் என்னை உறுத்துகிறது.

1948 ஜூனில் இதே சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைகள் சுடப்பட்டு அவசரகாலம் வந்தது. அந்த ஆண்டே 12 வயதைத் தாண்டியவர்களுக்கெல்லாம் படமும் கைரேகையும் வைத்த அடையாள அட்டை. காட்டிலிருந்து வந்த கம்யூனிஸ்டுகள் அதைப் பிடுங்கிக் கிழித்தார்கள். அட்டை இல்லாதவனைச் சோதனைச் சாவடியில் சந்தேகப்பட்டார்கள். தோட்டத்துச் சனம் அதை உயிராகப் பொத்தி வைத்தது. இன்று யாரும் பிடுங்க வேண்டியதில்லை, நாமே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறோம்.

தோட்டத்துக் கிராணி கேட்டால் காகிதத்தைக் கொடுத்துவிடும் பழக்கம் லயத்திலேயே ஊறியது. தோட்டம் துண்டாடப்பட்டது, மலிவு வீட்டுக்கு வந்தோம். கிராணியின் நாற்காலியில் இப்போது ஐசி நகல் கேட்கும் கடன் ஏஜென்ட்.

ஐசியின் 12 இலக்கமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம் (பேராக் என்றால் 08), கடைசி எண் ஒற்றைப்படையானால் ஆண். கூடவே முகமும் முகவரியும். 2017இல் 4.6 கோடி கைபேசி எண்களின் விவரங்கள் கசிந்தது தெரியவந்ததே, நகலை மட்டும் ஏன் திட்டுகிறாய் என்பார்கள். இருக்கட்டும். அந்தக் கசிவை நான் அடைக்க முடியாது. வேறெதற்கும் பயன்படாதபடி நகலில் கோடு போட முடியும்.

ஐசி நகல் மட்டுமல்ல, சில நூறு ரிங்கிட்டுக்கு வங்கி அட்டையை இரவல் கொடுக்கும் பையன்களும் உண்டு. 'அகாவுன் கெல்டாய்', மோசடிப் பணம் கைமாறும் கழுதைக் கணக்கு. 2024இல் குற்றவியல் சட்டத்தைத் திருத்தி அதையே தனிக் குற்றமாக்கிவிட்டார்கள்.

மோசடியில் பணம் போய்விட்டதா, உடனே வங்கிக்கோ மோசடிப் புகார் எண்ணான 997க்கோ அழைத்துவிட்டு, போலீஸ் ரிப்போர்ட் செய்யுங்கள். பேங்க் நெகாராவின் சிசிஆர்ஐஎஸ் கடன் அறிக்கை இலவசம். வாங்காத வங்கிக் கடன் உங்கள் பெயரில் இருந்தால் அதில் தெரியும்.

பாட்டியின் நகல்களில் குறுக்கே இரண்டிரண்டு கோடு இழுத்தேன். இரண்டில் 'உதவித்தொகைக்கு மட்டும்' என்று மலாயில் எழுதி, தேதியும் போட்டேன். மீதி மூன்றில் எதற்கென்று எழுத?

பாட்டி கொஞ்சம் யோசித்தார்.

"அது வெறுமனே இருக்கட்டும் தம்பி" என்று மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.