கடன்சொற்களும் நம் மனமும்

வங்கி முகப்பில் அரைமணி நேரம் அமர்ந்திருந்தால் போதும். "ஒரே டென்ஷன்", "தவணைத் தேதியை நினைத்தாலே ஸ்ட்ரெஸ்", "மதிப்பெண் குறைந்ததிலிருந்து பையன் டிப்ரெஷனில் இருக்கிறான்" என்பன போன்ற பேச்சுகள் காதில் விழும். ஆங்கிலம் அதிகம் பழகாதவர்களும் மனநிலையைச் சொல்ல இன்று ஆங்கிலச் சொற்களையே நாடுகின்றனர். பிறமொழியிலிருந்து வந்து வழங்கும் சொற்களைக் கடன்சொற்கள் என்பது வழக்கம். கடன் பெறுமுன் நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள் என்று வாடிக்கையாளர்களுக்கு நாங்கள் கூறும் அறிவுரை சொற்கடனுக்கும் பொருந்தும்.

எல்லாமே டென்ஷனா?

டென்ஷன் என்பது இழுத்துக் கட்டிய கயிற்றின் விறைப்பைக் குறிக்கும் சொல். மனத்தின் இறுக்கத்திற்கும், இரு நாடுகளுக்கிடையே நிலவும் இறுக்கத்திற்கும் பின்னர் அது வழங்கலாயிற்று. நாமோ கவலை, அச்சம், எரிச்சல், அவசரம் அனைத்தையும் அந்த ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். ஆங்கிலத்தில் இவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் உண்டு. மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கு என்ன செய்வது என்று திரும்பத் திரும்ப எண்ணுவது வொர்ரி. நேர்முகத் தேர்வுக்குமுன் கை நடுங்குவது நெர்வஸ்னெஸ். இன்னதென்று சுட்ட முடியாமல், வரப்போவதை எண்ணி மனம் பதறுவது ஆங்ஸைட்டி. வரிசையில் ஒருவர் முந்திச் செல்லும்போது எழுவது இரிடேஷன்.

இவற்றைப் பிரித்தறிவதால் பயன் உண்டு. முதலாவதைக் குடும்ப வரவுசெலவுத் திட்டம் குறைக்கும். இரண்டாவதற்குப் பயிற்சி உதவும். மூன்றாவது மாதக்கணக்கில் நீடித்து அன்றாட வாழ்வைக் குலைத்தால் மருத்துவரை நாட வேண்டும். நான்காவது சிறிது நேரத்தில் தானே தணிந்துவிடும்.

ஸ்ட்ரெஸும் டிப்ரெஷனும்

ஸ்ட்ரெஸ் பொறியியலில் பழகிய சொல். ஒரு பொருளின் மீது செயல்படும் அழுத்தத்தை அளக்கப் பயன்படுவது. பல்வேறு தீங்குகளுக்கு உடல் ஒரே வகையாக எதிர்வினை புரிவதை ஹான்ஸ் செல்யே என்னும் அறிஞர் 1936இல் நேச்சர் இதழில் எழுதினார். பின்னர் அந்நிலைக்கு ஸ்ட்ரெஸ் என்னும் பெயர் பரவ அவரே காரணமானார். எல்லா அழுத்தமும் தீயதன்று என்றும் அவர் கூறினார்; ஊக்கம் தருவதை யூஸ்ட்ரெஸ் என்றும், வருத்துவதை டிஸ்ட்ரெஸ் என்றும் பிரித்தார்.

டிப்ரெஷன் என்றதும் வணிகவியல் படித்தவர்க்கு 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதாரப் பெருமந்தம் நினைவுக்கு வரும். வானிலை அறிக்கையில் அதே சொல் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஆகிறது. கீழே அழுத்துதல் என்னும் பொருளுடைய லத்தீன் வேர்ச்சொல்லே மூன்றுக்கும் மூலம். மருத்துவத்தில் அதற்கு வரையறை உண்டு. பெரும்பாலான நேரம் நீங்காத துயரம் அல்லது எதிலும் நாட்டமின்மை, அதனுடன் தூக்கம், பசி, கவனம் ஆகியவற்றில் மாற்றம், இவை ஏறத்தாழ ஒவ்வொரு நாளும் இரண்டு வாரத்திற்குக் குறையாமல் இருந்தால் அந்நோயாக இருக்கக்கூடும் என மருத்துவர் ஆராய்வார். தேர்வு முடிவால் இரண்டு நாள் வாடியிருக்கும் மாணவனுக்கு டிஸப்பாயின்ட்மென்ட், அதாவது ஏமாற்றம், என்னும் சொல்லே போதும்.

தமிழிலும் இங்கு ஒரு குழப்பம் உண்டு. மன அழுத்தம் என்று ஸ்ட்ரெஸையும் எழுதுகிறோம், டிப்ரெஷனையும் எழுதுகிறோம். முன்னதை மன அழுத்தம் என்றும், பின்னதை மனச்சோர்வு என்றும் பிரித்து வழங்கினால் தெளிவு பிறக்கும்.

பர்ன்அவுட் என்பதையும் பணியிடங்களில் இன்று அடிக்கடி கேட்கிறோம். 1974இல் உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் இச்சொல்லைக் கட்டுரைப் பொருளாக்கினார். நெடுநாள் பணி அழுத்தத்தால் வரும் களைப்பு, வேலையின் மீது விலகல், திறன் குறைந்துவிட்டதென்னும் எண்ணம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே பர்ன்அவுட் என உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. அதை நோயாக அந்நிறுவனம் வகைப்படுத்தவில்லை; பணி சார்ந்த ஒரு நிலையாகவே குறிப்பிடுகிறது.

சொல்லின் மதிப்பு

உணர்வுக்குப் பெயரிடுவதே ஓரளவு ஆறுதல் தரும் என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. கோபமோ அச்சமோ காட்டும் முகப்படங்களைக் கண்டவர்கள் அவ்வுணர்வுக்குரிய சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது, மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்னும் பகுதியின் எழுச்சி தணிந்ததை மாத்யூ லீபர்மன் குழுவினர் 2007இல் வெளியிட்டனர்.

சொல்லின் துல்லியம் பணத்தையும் தொடுகிறது. மருத்துவக் காப்பீட்டு முன்மொழிவுப் படிவத்தில் டிப்ரெஷன், ஆங்ஸைட்டி போன்றவை பற்றிய வினா இடம்பெறலாம். சாதாரண வருத்தத்தை நோயென எழுத வேண்டியதில்லை. பெற்ற சிகிச்சையை மறைக்கவும் கூடாது. மறைத்தால் பின்னர் இழப்பீட்டுக் கோரிக்கை மறுக்கப்பட நேரலாம். உடல்நோய்க்கு நிகரான அடிப்படையில் மனநோய்ச் சிகிச்சைக்கும் காப்பீட்டு நிறுவனங்கள் வழிசெய்ய வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. ஆகவே அச்சத்தால் எதையும் மறைக்க வேண்டியதில்லை.

வளர்ச்சியைக் குறிக்கும் சொற்களும் நம்மிடம் வந்துள்ளன. ரெசிலியன்ஸ் என்பதன் லத்தீன் வேர் மீண்டும் துள்ளி எழுதலைக் குறிக்கும். மீண்டெழும் ஆற்றல் என்று அதைச் சொல்லலாம். திறமை பிறவியோடு முடிந்துவிடுவதன்று, முயற்சியால் வளர்வது என்னும் நம்பிக்கையை க்ரோத் மைண்ட்செட் என்று கரோல் ட்வெக் தம் நூல்வழி 2006இல் பரப்பினார். "எனக்குக் கணக்கு வராது" என்னும் பிள்ளையிடம் "இன்னும் வரவில்லை" என்று திருத்திச் சொல்வது வீட்டிலேயே தொடங்கக்கூடிய பயிற்சி.

அன்றாடக் கணக்கு எழுதும் பழக்கமுடையோர் அதே பக்கத்தின் ஓரத்தில் அன்றைய மனநிலைக்குரிய ஒரு சொல்லையும் குறித்து வரலாம். தமிழோ ஆங்கிலமோ, பொருத்தமான சொல்லாக இருந்தால் போதும். ஒரே துயரச் சொல் இரண்டு வாரம் தொடர்ந்து வருமாயின், தயங்காமல் மருத்துவரை அணுகுங்கள். 14416 என்னும் எண்ணில் மத்திய அரசின் டெலி மானஸ் மனநலச் சேவை இரவும் பகலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அங்குத் தமிழிலேயே பேசலாம்.